தோளின் மேல் வைத்த கை

மாலை நான்கு மணிக்கு வார்டின் கதவு பார்வையாளருக்குத் திறக்கிறது. ஆப்பிள் பழங்களும் இளநீரும் உள்ளே வருகின்றன. அவற்றோடு ஓர் அறிவுரையும் தவறாமல் வருகிறது: “மனத்தைத் தளரவிடாதீர்கள். மனம் நன்றாக இருந்தால் நோய் தானாகப் போய்விடும்.” சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆயினும் அதைக் கேட்பவரின் முகத்தை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அவர் தலையசைக்கிறார், நன்றி சொல்கிறார். வந்தவர் போன பின்பு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். நோயின் சுமை ஏற்கெனவே இருந்தது. நோய் தீராவிட்டால் அது தம் மனத்தின் குற்றம் என்கிற சுமையும் இப்போது சேர்ந்துகொண்டது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனப்பான்மை நோயைத் தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை. மருந்தும் அறுவைச் சிகிச்சையும் பயிற்சியும் செய்ய வேண்டிய வேலையை மனத்தின் தலையில் கட்டுவது நியாயமன்று. ஆனால் ஒருவரது மனப்பான்மை அருகிலிருப்பவரைத் தொற்றும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அச்சம் தொற்றுகிறது, எரிச்சல் தொற்றுகிறது, பரிவும் அவ்வாறே தொற்றுகிறது. அப்படிப் பரவி மனிதரைத் தாங்குவது சிரித்த முகமோ உற்சாகமான பேச்சோ அன்று. விலகாமல் அருகே வரும் மனமே என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம் எனக்குக் கற்பித்தது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் காஞ்சிபுரத்தை அடுத்த செங்கல்பட்டில், திருமணி என்னும் இடத்தில், ஒரு தொழுநோய் மருத்துவ நிலையம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் லேடி வில்லிங்டன் பெயரைத் தாங்கியிருந்த அந்த நிலையத்தை இராபர்ட் கோக்ரேன் என்னும் மருத்துவர் நடத்தி வந்தார். தொழுநோய் பற்றி உலகறிந்த வல்லுநர் அவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பொறுப்பும் அக்காலத்தில் அவரிடம் இருந்தது. 1947ஆம் ஆண்டு பால் பிராண்ட் என்கிற இளம் அறுவை மருத்துவர் அவரைக் காணச் சென்றார். ஓராண்டுக்கு முன்புதான் வேலூருக்குப் பணியாற்ற வந்திருந்தவர் அவர்.

பிராண்ட் இங்கிலாந்தில் கற்றவர் என்றாலும் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அங்கே மிஷனரிகளாக இருந்து மலைவாழ் மக்களுக்கு மருத்துவம் செய்து வந்தனர். சிறுவயதில் கண்ட ஒரு காட்சியைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். தொழுநோயுற்ற மூவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தனர். தந்தையார் வழக்கத்துக்கு மாறாகக் கையுறை அணிந்து அவர்களுடைய புண்களுக்குக் கட்டுப் போட்டார். அவர்கள் இருந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. அந்தப் பெற்றோர் அன்பில் குறைந்தவர்கள் அல்லர்; வந்தவர்களை விரட்டவும் இல்லை. இருந்தும் அவர்களையறியாமலே அவர்களது அச்சம் அந்தச் சிறுவனுக்குள் புகுந்துவிட்டது. முப்பது வயதைக் கடந்து மருத்துவராகத் திருமணிக்கு வந்தபோதும் அது அவரை விட்டு முற்றிலும் அகலவில்லை. பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நம் கைகள் எங்கே நீளுகின்றன, எங்கே பின்வாங்குகின்றன என்பதையே கற்றுக்கொள்கிறார்கள்.

கோக்ரேன் அவரை நிலையம் முழுவதும் அழைத்துச் சென்று காட்டினார். மடங்கி முடங்கிய விரல்களைப் பார்த்த பிராண்ட், இவற்றுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தாம் தோல் நோய் அறிந்தவர் என்றும், எலும்பும் தசையும் அறிந்த மருத்துவர்கள் இந்நோயாளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றும் கோக்ரேன் வருத்தத்தோடு கூறினார். அப்போது தரையில் அமர்ந்து தம் செருப்பைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பிராண்ட் கண்டார். அவரிடம் சென்று தம் கையை அவர் கைக்குள் வைத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பலவீனமான பிடியைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் வலியால் துடிக்கும்படி அந்த விரல்கள் இறுக்கின. செத்துவிட்டது என்று எல்லாரும் ஒதுக்கிய கையில் நல்ல தசைகள் உயிரோடு இருந்தன! முன்கையின் வலுவான தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தலாம் என்கிற எண்ணம் அந்தப் பிடியிலிருந்துதான் பிறந்தது. பின்னர் வேலூரில் எத்தனையோ பேருடைய விரல்கள் மீண்டும் விரிந்து, சோற்றைப் பிசைந்து உண்ணவும் எழுதுகோலைப் பிடிக்கவும் அது வழி செய்தது.

எந்த நூலிலும் இல்லாத செய்தி அது. கையைக் கொடுத்த பின்பே கிடைத்தது.

பிராண்ட் கூறிய மற்றொரு நிகழ்ச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வேலூரில் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முறையை விளக்கிக்கொண்டிருந்தபோது, இயல்பாக அவருடைய தோளின் மேல் கையை வைத்தார். அந்த மனிதர் விம்மி அழத் தொடங்கினார். தாம் ஏதேனும் தவறாகப் பேசிவிட்டோமோ என்று பிராண்ட் பதறி, மொழிபெயர்த்தவரிடம் விசாரித்தார். தவறு ஒன்றுமில்லை, நீங்கள் அவர் தோளில் கை வைத்ததால் அழுகிறார், பல ஆண்டுகளாக அவரை எவரும் தொட்டதில்லை என்பதே விடையாக வந்தது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒன்று அன்று அந்த நோயாளிக்குக் கிடைத்தது.

நற்செய்தி நூல்களை வாசித்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. தொழுநோயுற்ற ஒருவன் இயேசுவின் முன் முழங்கால்படியிட்டு, உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க முடியும் என்று மன்றாடினான். அக்காலத்துச் சட்டப்படி அத்தகையோர் ஊருக்குப் புறம்பே வாழ வேண்டும். அவர்களைத் தொட்டவரும் தீட்டானவரே. இயேசு வேறு நோயாளிகளை வெறும் வார்த்தையாலேயே குணமாக்கியதுண்டு, தொலைவிலிருந்தும் குணமாக்கியதுண்டு. இவனிடமோ கையை நீட்டி முதலில் தொட்டார், பிறகுதான் சுகமளிக்கும் சொல்லைச் சொன்னார். மாற்கு இந்த வரிசையைக் கவனமாகப் பதிவு செய்திருக்கிறார். அவனுடைய தோல் சுத்தமாவதற்கு முன்பே அவன் மனிதருள் ஒருவனாகிவிட்டான் என்று நான் இதை வாசிக்கிறேன்.

கோக்ரேனிடமிருந்து பிராண்டுக்குச் சென்ற அந்த மனம் அவரோடு நின்றுவிடவில்லை. 1954இல் வேலூரைச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் சிலர் உல்லாசப் பயணம் சென்ற வண்டி கவிழ்ந்தது. கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற மேரி வர்கீஸ் அவர்களுள் ஒருவர். முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே அசைவையும் உணர்வையும் இழந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அறுவை மருத்துவராக வேண்டும் என்கிற கனவும் கால்களோடு போய்விட்டது என்றே எவரும் எண்ணியிருப்பர். பிராண்ட் அவரிடம் ஆறுதல் மொழிகளோடு நின்றுவிடவில்லை, ஒரு வேலையைக் காட்டினார். கைகளுக்கான அறுவையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டுதான் செய்கிறார், சக்கர நாற்காலியில் அமர்ந்தும் அதைச் செய்யலாம் அல்லவா என்றார்.

மேரி வர்கீஸ் அதைச் செய்தார். தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே சீர்ப்படுத்தினார். பின்பு ஆஸ்திரேலியாவில் தமக்கான பயிற்சியைப் பெற்றார், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார், வேலூருக்குத் திரும்பி அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். அந்த நிலையம் இன்றும் அவர் பெயரோடு இயங்கி வருகிறது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர்களும் அங்கே சக்கர நாற்காலியில் வாழக் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி என் வாழ்க்கை முடிந்தது என்று கட்டிலில் கிடக்கும் ஒருவரிடம், சக்கர நாற்காலியைத் தம் கையால் உருட்டிக்கொண்டு மருத்துவர் வருவதை எண்ணிப் பாருங்கள். அவர் எந்தப் போதனையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த மன உறுதிக்குப் பின்னே, கண்ணீரோடு கழிந்த நீண்ட மாதங்களும் முதுகில் மீண்டும் மீண்டும் செய்த அறுவைகளும் உண்டு என்பதை மறந்துவிட்டு அவரைப் படமாக்கிச் சுவரில் மாட்டுவது சரியன்று. மேரி வர்கீஸைக் காட்டி, “அவரைப் பார், நீ ஏன் அழுகிறாய்?” என்று ஒரு நோயாளியைக் கேட்போமானால், முதல் பத்தியில் சொன்ன பார்வையாளருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

நோயுற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அழுவது அவிசுவாசம் அன்று. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துயரம் கொண்டிருக்கிறது என்று சீடர்களிடம் மறைக்காமல் சொன்னார். தம்மோடு விழித்திருக்குமாறு கேட்டுக்கொண்டார். அவர்கள் உறங்கிவிட்டது அவருக்கு வலித்தது, அதையும் சொன்னார். துயரத்தை வாய்விட்டுச் சொல்வதும், என் அருகே இரு என்று கேட்பதும் ஆண்டவரே செய்தவை என்றால் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சிரிப்பவர் இரவில் காரணமில்லாமல் மனைவி மேல் எரிந்து விழுவதை நான் கண்டிருக்கிறேன். காலையிலேயே அச்சமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தால் இருவருக்கும் அந்த இரவு எளிதாகியிருக்கும்.

உடனிருப்போருக்குச் சொல்வது சற்று நீளமானது. ஏனெனில் இதில் நான் தவறியவன்.

என் தாயார் பக்கவாதத்தால் ஒரு மருத்துவமனையில் ஏழு வாரம் இருந்தார். நாள்தோறும் வேலை முடிந்து சென்றேன். கட்டில் அருகே நின்றேன், உட்காரவில்லை. மருந்துகளைச் சரிபார்த்தேன். அவர் தலைக்கு மேலாகவே மருத்துவரிடம் பேசினேன். “எல்லாம் சரியாகிவிடும்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நல்ல மகன் என்றே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, எங்களுக்கு எவ்வகையிலும் உறவில்லாதவள், மாலையில் என் தாயாரின் தலையை வாரிப் பின்னிவிடுவாள். வாய் குழறிய நிலையிலும் ஒரு நாள் தாயார் என்னிடம் சொன்னார்: “நீ வரும்போது மணியைப் பார்க்கிறே. அந்தப் பொண்ணு என்னைப் பார்க்குது.” பிறகு எனக்காக வருந்தியவர் போல, “உனக்கும் எவ்வளவோ வேலை” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் முகத்தில் வந்த அமைதியைக் கண்டபோது, முந்தைய வாரங்களில் என் பரபரப்பையும் அவர் சேர்த்துச் சுமந்திருக்கிறார் என்பது புரிந்தது. இத்தனைக்கும் எனக்கு அதைக் காட்டிய அந்தப் பெண் எனக்கு எந்த அறிவுரையும் சொன்னவள் அல்லள். அவள் சீப்பை எடுத்தாள், அவ்வளவுதான்.

பட்டு நெய்யும் இவ்வூராருக்கு இதை விளக்குவது எளிது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக உள்ள கோர்வைச் சேலையை ஒருவர் தனியே நெய்வதில்லை. தறியில் அமர்ந்தவர் ஒருவர், மறு கரைக்கு நாடாவைத் தள்ளித் தரும் உதவியாள் ஒருவர். உதவியாளின் கவனம் சிதறினால் உடலும் கரையும் கோக்கும் இடத்தில் பிசகு விழும். அதை ஒருவர் குற்றம் என்று பிரித்துச் சொல்ல இயலாது. நோயாளியும் அவருக்குத் துணை இருப்பவரும் அப்படி ஒரே தறியில் அமர்ந்தவர்கள். ஒருவர் சோர்வு மற்றவர் கையில் தெரியும். ஆகவே உடனிருப்பவர் உண்பதும் உறங்குவதும் தன்னலம் அன்று. மூன்று இரவு உறங்காதவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. குடும்பத்தில் ஒருவரே, பெரும்பாலும் மகளோ மருமகளோ, எல்லா இரவுகளையும் சுமக்கும் வழக்கத்தை மற்றவர்கள்தாம் உடைக்க வேண்டும். போனில் நலம் விசாரிக்கும் அண்ணன்மார் ஓர் இரவு வந்து தங்கட்டும்.

மாற்கு நற்செய்தியில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் வாசலில் நுழைய முடியவில்லை. கூரையைப் பிரித்து அவனை இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். சுமந்தவர்களின் விசுவாசத்தை! படுக்கையில் கிடந்தவன் அப்போது நம்பினானா, நம்பிக்கை இழந்திருந்தானா என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. அவனால் இயலாத வேளையில் மற்றவர்கள் அவனுக்காக நம்பினார்கள், தூக்கினார்கள். தூக்கியவர்கள் நால்வர் என்பதையும் கவனியுங்கள், ஒருவர் அல்லர்.

பார்வையாளராக வருவோருக்கு யோபுவின் நண்பர்களை நினைவூட்டினால் போதும். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. நீ என்ன பாவம் செய்தாயோ, எதைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லையோ என்று நம் காலத்திலும் கட்டிலருகே கேட்கிறார்கள், கிறிஸ்தவர்களும் கேட்கிறார்கள். ஜெபிக்க விரும்புவோர் நோயாளியிடம் அனுமதி கேட்டு, சுருக்கமாக, தாழ்ந்த குரலில் ஜெபிக்கலாம். பக்கத்துக் கட்டிலில் வேறு சமயத்தவர் இருப்பார், அவருக்கும் உறக்கம் வேண்டும்.

இந்த ஊரின் பெயரிலேயே செவிலி என்னும் சொல் இருப்பது எனக்கு எப்போதும் ஓர் இனிய வியப்பு. பெயர்க் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். பழந்தமிழில் செவிலி என்பவள் பெறாமல் வளர்த்த தாய். அச்சொல்லைத்தான் இன்று மருத்துவமனைத் தாதியருக்கு வைத்திருக்கிறோம். தாகம் கொண்ட வேடுவப் பெண்ணுக்கு இராமானுசர் நீர் மொண்டு கொடுத்ததாக வைணவப் பெருமக்கள் போற்றும் சாலைக்கிணறும் இப்பக்கத்தில்தான் இருக்கிறது. தாகமாயிருந்தேன், எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று இறுதி நாளில் சொல்லப்போகிறவரை வணங்கும் எனக்கு, அந்தக் கிணறு அந்நியமாகத் தோன்றியதில்லை.

செவிலியரைப் பற்றியும் ஒரு சொல். இரவுப் பணியில் ஒரே செவிலியர் பல கட்டில்களைப் பார்க்கிறார். ஒரு கட்டிலில் வாங்கிய வசவை அடுத்த கட்டிலுக்குக் கொண்டு போகாதிருக்க அவர் முயல்கிறார், எல்லா இரவும் முடிவதில்லை. சொட்டு மருந்து தீர்ந்ததைச் சொல்லும்போது பெயர் சொல்லி, “சிஸ்டர், முடியும்போது வாங்க” என்று ஒருவர் கூப்பிட்டால், அதற்குப் பின் வரும் நான்கு நோயாளிகளுக்கு ஊசி வலி சற்றுக் குறைகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இது அறிவியல் அன்று, என் கணிப்பு.

சென்ற மாதம் வார்டில் ஒரு முதியவரைப் பார்த்தேன். நாற்பது ஆண்டு தறியில் இருந்தவர். கால் விரல்களைச் சர்க்கரை நோய் கொண்டு போய்விட்டது. முதல் வாரம் எவரிடமும் பேசவில்லை. எதிர்க் கட்டிலுக்கு ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். இரவு முழுவதும் அவன் முனகிக்கொண்டிருந்தான், அவனுடைய தாய் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். விடியும் நேரத்தில் முதியவர் தம் கட்டிலிலிருந்தபடியே அவளைக் கூப்பிட்டார். “சாப்பிட்டியாம்மா?” என்றார். இல்லை என்று தலையசைத்தாள். மேசை மேலிருந்த பன்னைப் பாதியாகப் பிய்த்து, வாங்கிக்கொள் என்று கையை நீட்டினார். அவள் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். அன்று மாலை அவருடைய தலையணையைச் சரிசெய்து வைத்தவள் அவள்தான்.